செக்கோடு நின்றுபோன பாடம்

நான் படித்த பள்ளிக்கூடத்தில், பேச்சுப் போட்டி என்றால் வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு ஐந்து நிமிடம். ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார், வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கப்பல் விட்டார், சிறைக்குப் போனார், செக்கிழுத்தார். செக்கு வரும் இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்று தமிழய்யா முன்கூட்டியே பழக்கியிருப்பார். நன்றாகத் தழுதழுத்தவனுக்கு முதல் பரிசு ஒரு எவர்சில்வர் டம்ளர். 1960-களின் கடைசியில் கோவில்பட்டியில் வளர்ந்த எங்களுக்கு அவர் அந்த அளவில்தான் கிடைத்தார்.

அந்த ஐந்து நிமிடத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு மனிதரின் பெயர் பத்து வயதில் காதில் விழுவதே பெரிய காரியம். அதற்கு மேல் 'கப்பலோட்டிய தமிழன்' படம் இருந்தது. பி.ஆர். பந்துலு இயக்கி 1961-இல் வந்தது. எங்கள் பக்கத்து டூரிங் டாக்கீஸுகளில் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போட்டார்கள். மணலைக் குவித்து உட்கார்ந்து ஆச்சியோடு பார்த்தேன். சிவாஜி கணேசன் செக்கிழுக்கும்போது ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாத அவளுக்கு அன்றுமுதல் வ.உ.சி. சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

ஆனால் பாடமும் படமும் எங்களுக்குச் சொல்லாத ஒன்றை எங்கள் தெருவில் இருந்த வக்கீல் குமாஸ்தா தாத்தா சொன்னார். நான் திண்ணையில் நின்று பேச்சை ஒப்பித்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார். "ஏல, இங்க வா. ஜெயிலோட நிறுத்திட்டியே. அவுக அப்புறம் நம்ம ஊரு கோர்ட்டுலதாம்ல வக்கீலா இருந்தாக. நான் சின்னப் பயலா இருக்கையில பாத்திருக்கேன்."

எனக்கு அது பெரிய அதிர்ச்சி. பாடப்புத்தகத்தில் இருப்பவர் எங்கள் ஊர்க் கோர்ட்டு வாசலில் எப்படி நிற்க முடியும்? மறுநாள் வகுப்பில் கேட்டேன். பாடத்தில் இல்லாததைக் கேட்காதே என்று பதில் வந்தது. அந்தப் பதில்தான் பின்னாளில் நான் தமிழாசிரியர் ஆனதற்கும், ஆனபின் பாடத்தில் இல்லாததை வகுப்புக்குள் கொண்டுவந்ததற்கும் காரணம்.

தாத்தா சொன்னது முழு உண்மை. வ.உ.சி. 1908 மார்ச்சில் கைதானார். ஜூலையில் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது ஆறு ஆண்டாகக் குறைந்தது. கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் இருந்துவிட்டு 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது வக்கீல் சன்னத்து, அதாவது வழக்காடும் உரிமம், பறிபோயிருந்தது. கப்பல் கம்பெனி 1911-இலேயே கலைக்கப்பட்டுவிட்டது. சென்னையில் கடை வைத்தும் கடன் வாங்கியும் காலம் தள்ளினார். பிற்பாடு வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி முயன்றதால் சன்னத்து திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறக்காமல் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். பிறகு கோவில்பட்டிக்கு வந்து வழக்காடினார். 1932-இல் தூத்துக்குடிக்குப் போனார். 1936 நவம்பர் 18-இல் தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் பிரிந்தது.

சிறையிலிருந்து வெளியே வந்த நாளுக்கும் மரணத்துக்கும் இடையில் ஏறத்தாழ 24 ஆண்டுகள். பாடம் விட்டுவிட்ட ஆண்டுகள் அவை.

இன்று நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. 1972-இல் அவருக்கு அஞ்சல்தலை வந்தது. 2011-இல் தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரைப் பெற்றது. 2021-இல் தொடங்கிய 150-ஆவது பிறந்த ஆண்டைத் தமிழ்நாடு சிறப்பாகவே கொண்டாடியது. எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் ஆராய்ச்சியில் நடந்தது. ஆ.இரா. வேங்கடாசலபதி 1984-இல் 'வ.உ.சி. கடிதங்கள்' நூலைக் கொண்டுவந்தபோது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. மாணவப் பருவத்தில் தொடங்கிய அந்தத் தேடல் நாற்பது ஆண்டு நீண்டு, 1908-ஆம் ஆண்டின் திருநெல்வேலி எழுச்சியைப் பற்றிய நூலுக்காக 2024-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. வ.உ.சி.யைப் படிப்பதால் ஒரு மாணவனுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு இந்த ஓர் எடுத்துக்காட்டே போதும் என்று நினைக்கிறேன்.

எங்கள் காலத்தில் ஒரு பழைய நூலைப் பார்க்க மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏற வேண்டும். இன்று என் பேத்தியின் கைப்பேசியில் பழைய நூல்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. அவள் சென்னையில் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். செப்டம்பர் 5 வ.உ.சி. பிறந்தநாள். அதே நாள் ஆசிரியர் தினமும் ஆகிவிட்டதால், பெரும்பாலான பள்ளிகளில் ஆசிரியர்களுக்குப் பூங்கொத்துக் கொடுத்து முடிந்தபின் மிஞ்சும் நேரம்தான் அவருக்கு. போன ஆண்டு அவள் பள்ளியில் மாறுவேடப் போட்டியும் பேச்சுப் போட்டியும் வைத்தார்கள். அட்டையில் அழகாகச் செக்குச் செய்திருந்தார்கள். பேச்சைக் கைப்பேசியிலிருந்து எடுத்திருந்தாள். பிறந்தார், கப்பல் விட்டார், சிறைக்குப் போனார், செக்கிழுத்தார். ஐம்பது ஆண்டுக்கு முன் நான் ஒப்பித்த அதே வரிசை.

பேசிக் காட்டி முடித்துவிட்டு அவளே கேட்டாள்: "தாத்தா, ஜெயில்ல இருந்து வந்தப்புறம் அவர் என்ன பண்ணார்?"

பிள்ளைகளிடம் கேள்வி எப்போதும் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல இன்று நம்மிடம் வேண்டிய அளவு நூல்களும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துவைக்கும் வேலையை வகுப்பறைதான் செய்ய வேண்டும். ஒரு தேசத் தலைவரின் வாழ்க்கையையும் எழுத்தையும் மாணவர்கள் ஏன் படிக்க வேண்டும் என்பதற்கு நான் வகுப்பறையிலிருந்தே பதில் சொல்கிறேன்.

கப்பல் கம்பெனியிலிருந்து தொடங்குவோம். எங்கள் பாடத்தில் அது ஒரே வாக்கியம். உண்மையில் அது ஒரு பெரும் கணக்கு. சுதேசி நாவாய்ச் சங்கம் 1906 அக்டோபரில் பதிவானது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவர் மட்டும் 8,000 பங்குகளுக்கு இரண்டு லட்சம் ரூபாய் போட்டார். முதலில் வாடகைக் கப்பலை ஓட்டினார்கள். போட்டிக் கம்பெனியான பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன், கப்பலைக் கொடுத்தவர்களை மிரட்டி அதைத் திரும்பப் பெறச் செய்தது. உடனே கொழும்பிலிருந்து வேறொரு கப்பல் பிடித்தார் வ.உ.சி. சொந்தக் கப்பல் இல்லாமல் நிலைக்க முடியாது என்று புரிந்தபின் பம்பாய் போனார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் 1907-இல் தூத்துக்குடி வந்து சேர்ந்தன.

அப்புறம் கட்டணச் சண்டை. வெள்ளைக்காரக் கம்பெனி கொழும்புக்குக் கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது. அடுத்து, இலவசமாகவே ஏற்றிக்கொண்டு போகிறோம் என்றது. பயணிகளுக்குக் குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். நான் வேலை பார்த்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் இந்த இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். படிப்பில் சுமார். அவன் அப்பா ஒரு மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். "சார், ஓசியில ஏத்திட்டுப் போனா அவனுக்கு நஷ்டம்தானே? எதுக்கு அப்படிச் செய்யுதான்?" வகுப்பே யோசித்தது. பணம் உள்ளவன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டு, பணம் இல்லாதவன் தொழிலை விட்டுப் போகும்வரை காத்திருப்பான் என்று அவர்களே விடை கண்டுபிடித்தார்கள். ஏகாதிபத்தியம் என்ற சொல்லை அதுவரை மனப்பாடம் செய்து எழுதிய பிள்ளைகள், அது எப்படி வேலை செய்கிறது என்பதை அன்று புரிந்துகொண்டார்கள். அந்தப் பையனின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தன் வீட்டுச் சாப்பாட்டு மேசைப் பேச்சுக்கும் வரலாற்றுப் புத்தகத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று அவன் முதன்முதலாக அறிந்த நாள் அது.

அடுத்து, கோரல் மில் வேலைநிறுத்தம். 1908 பிப்ரவரி 27-இல் தூத்துக்குடி நூற்பாலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பக்கத்தில் நின்றார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டார்கள். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கிவந்தது. அடுத்த சில நாட்களில் வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். மார்ச் 13-இல் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். சட்டப்படி பங்கு விற்று நடத்திய ஒரு கம்பெனியைவிட, வக்கீலும் மில் தொழிலாளியும் ஒரே மேடையில் நின்றதுதான் அரசுக்கு அதிக அச்சம் தந்தது என்று நான் நினைக்கிறேன். இந்த வரிசையை நாள்வாரியாகப் படிக்கும் மாணவன், செக்குக்கு முன்னால் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வான். காரணம் தெரியாமல் தண்டனையை மட்டும் தெரிந்துவைத்திருப்பவனுக்கு இரக்கம் வரும். காரணமும் தெரிந்தவனுக்குத்தான் மரியாதை வரும்.

இனி அவர் எழுத்து. என் இளமையில் வ.உ.சி. எழுத்தாளர் என்றே எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்தபின் ஒரு நூலகத்தில் அவருடைய 'மெய்யறம்' கையில் கிடைத்தது. குறளைப்போல அதிகாரம் அதிகாரமாக அமைந்த நீதிநூல். மொத்தம் 125 அதிகாரங்கள். அதன் முதல் பகுதியின் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்: மாணவரியல். இல்வாழ்வியலும் அரசியலும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. வழக்கையும் சிறையையும் கண்ட ஒரு மனிதர், அறத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது முதலில் மாணவரிடம் பேசியிருக்கிறார். நம் மாணவர்களோ அவரை அட்டைச் செக்கோடு மட்டும் அறிந்திருக்கிறார்கள்.

சிறையிலும் அவர் கை சும்மா இருக்கவில்லை. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் நூலை 'மனம் போல வாழ்வு' என்று தமிழாக்கினார். பின்னர் 'அகமே புறம்', 'வலிமைக்கு மார்க்கம்', 'சாந்திக்கு மார்க்கம்' என்று அந்த வரிசை நீண்டது. ஆங்கில ஆட்சியை எதிர்த்துச் சிறை போனவர், ஆங்கிலத்தில் நல்லது கண்டால் எடுத்துத் தம் மக்களுக்குக் கொடுத்தார். ஆட்சியின் மேல் உள்ள கோபத்தை மொழியின் மேலும் மனிதர் மேலும் காட்டாத இந்தப் பக்குவம் வாலஸ் கதையிலும் இருக்கிறது. இன்றைய பிள்ளைகளுக்கு இதைவிட அவசியமான பாடம் எனக்குத் தெரியவில்லை.

அவருடைய 'சுயசரிதை' செய்யுளில் இருக்கிறது. அவருடைய அன்பர் பரலி சு. நெல்லையப்பர் கேட்டுக்கொண்டதால் எழுதத் தொடங்கியது. வ.உ.சி. மறைந்து பத்தாண்டு கழித்து 1946-இல் நூலானது. சிறையில் சணல் இயந்திரம் சுற்றிக் கைத்தோல் உரிந்ததையும் செக்கையும் அதில் அவரே சொல்கிறார். சொல்கிற முறைதான் முக்கியம். அழவைக்கும் நோக்கமே அதில் இல்லை. நடந்ததை நடந்தபடி வைக்கிறார். அந்த நூலில்தான் வள்ளியம்மையும் வருகிறார். இராமையா தேசிகர் என்ற பார்வையற்ற துறவியை வீட்டில் வைத்துச் சோறிட்டதற்குச் சாதியார் எதிர்ப்புத் தெரிவித்தபோது, கணவரோடு உறுதியாக நின்றவர் அவருடைய முதல் மனைவியான வள்ளியம்மை. நாங்கள் பேசிய எந்தப் பேச்சிலும் இந்த அம்மாள் இல்லை. கப்பலுக்கு முன்னாலேயே அந்த வீட்டில் ஒரு போராட்டம் நடந்திருக்கிறது என்பதை வ.உ.சி. எழுதியதால்தான் அறிகிறோம்.

கடிதங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1915-இல் காந்தி சென்னை வந்தார். வ.உ.சி. அவரைப் பார்க்க விரும்பினார். காலை ஆறு மணிக்குச் சில நிமிடம் தர முடியும் என்று காந்தி எழுதினார். தான் பேசவேண்டியது சில நிமிடத்தில் முடியாது என்று தயங்கியதையும், முதல் ட்ராம் வண்டியைப் பிடித்தாலும் ஆறரைக்கு முன் வந்து சேர முடியாது என்பதையும் வ.உ.சி. மறைக்காமல் எழுதுகிறார். வ.உ.சி. சிறையிலிருந்தபோது தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தியிடம் வந்து சேர்ந்திருந்தது. அதைப் பற்றியும் கடிதங்கள் போய்வந்தன. கடைசியில் 1916-இல் 347 ரூபாய் 12 அணா வந்தது. கப்பல் வாங்கியவர் அந்தத் தொகைக்காகப் பல மாதம் காத்திருந்தார். அப்படிக் காத்திருந்த நிலையிலும் அவர் எழுத்தில் தன்மானம் துளியும் குறையவில்லை.

இந்தக் கடிதங்களைப் படிக்கும் மாணவனுக்கு இரண்டு தலைவர்களும் ஒரே நேரத்தில் மனிதர்களாகத் தெரிவார்கள். ஒத்துழையாமை இயக்கத்தில் உடன்பாடு இல்லாமல் 1920-இல் வ.உ.சி. காங்கிரஸை விட்டு விலகினார் என்பதையும் அவன் சேர்த்துப் படிக்கட்டும். பெரியவர்கள் ஒருவரோடொருவர் கருத்தில் மாறுபடலாம், மாறுபட்டாலும் பகையாக வேண்டியதில்லை என்பதைச் சிலைகளுக்கு மாலை போடும்போது கற்க முடியாது.

சென்னை நாட்களின் வறுமையிலும் அதற்குப் பிறகும் அவர் செய்த இன்னொரு வேலை என்னைப் போன்ற தமிழாசிரியர்களுக்குக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத்தக்கது. திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் எழுதிய பழைய உரையை 1917-இல் பதிப்பித்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பிக்க உழைத்தார். தமிழறிஞர் எஸ். வையாபுரிப் பிள்ளையோடு சேர்ந்தும் வேலை செய்தார். 1935-இல் குறளின் அறத்துப்பாலுக்குத் தாமே உரை எழுதி வெளியிட்டார். கொழும்பு 'வீரகேசரி'யில் திலகரின் வரலாற்றைத் தொடராக எழுதினார். தம் கப்பல் போய்வந்த அதே கொழும்புக்கு, கப்பல் போனபின் தம் எழுத்தை அனுப்பினார்.

என் வகுப்பில் ஒருமுறை ஒரு பெண் பிள்ளை கேட்டாள்: "எல்லாம் போனப்புறம் எப்படி சார் உட்கார்ந்து ஏட்டைப் பார்த்து எழுத முடிஞ்சுது?" பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த நேரம். மதிப்பெண் குறைந்தால் வாழ்க்கையே முடிந்தது என்று வீட்டிலும் வெளியிலும் கேட்டுக்கேட்டுப் பயந்துபோயிருந்த பிள்ளை. அவளுக்கு நான் உபதேசம் எதுவும் செய்யவில்லை. 1912-க்குப் பின் அவர் பதிப்பித்த, எழுதிய நூல்களின் பெயர்களை ஆண்டோடு கரும்பலகையில் எழுதினேன். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். தோல்விக்குப் பிறகு மனிதர் என்ன செய்யலாம் என்பதற்கு அந்தப் பட்டியலே பதில். வீரத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தால், வீரம் காட்ட வாய்ப்பே வராத சாதாரண வாழ்க்கைக்குப் பிள்ளைகளிடம் ஒன்றும் இருக்காது. தேசத் தலைவரின் முழு வாழ்க்கையைப் படித்தவனுக்குச் சாதாரண நாட்களை நடத்தவும் ஒரு துணை உண்டு.

சாவதற்கு முன் அவர் எழுதிவைத்த உயிலில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கணக்கு இருக்கிறது. பத்து லட்ச ரூபாய்க் கம்பெனியின் கணக்கைப் பார்த்தவர், கடைசியில் சில்லறைக் கடன்களுக்கும் அதே நேர்மையோடு கணக்கு எழுதினார். பொதுப்பணத்தைப் பற்றி நாளைக்கு ஓட்டுப் போடப்போகிற பிள்ளைகள் படிக்க வேண்டிய ஆவணம் இது.

மாறுவேடப் போட்டி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சின்னப் பிள்ளைகளுக்கு அது ஒரு வாசல். எட்டாம் வகுப்புக்கு மேல் அந்த வாசலிலேயே நிறுத்திவைக்கக் கூடாது என்பதுதான் என் வேண்டுகோள். செப்டம்பர் 5-ஐ ஒட்டி ஒரு வாரம், தமிழாசிரியரும் வரலாற்றாசிரியரும் கணக்காசிரியரும் ஆளுக்கு ஒரு பாடவேளை கொடுத்தால் போதும். கணக்கு வகுப்பில் 40,000 பங்குகளையும் ஒரு ரூபாய்க் கட்டணத்தையும் வைத்து, எந்தக் கம்பெனி எத்தனை நாள் தாங்கும் என்று போட்டுப் பார்க்கட்டும். வரலாற்று வகுப்பில் பிப்ரவரி 27 முதல் மார்ச் 13 வரை நாள்வாரியாக எழுதட்டும். தமிழ் வகுப்பில் மாணவரியலிலிருந்து ஓர் அதிகாரமும் காந்திக்கு எழுதிய ஒரு கடிதமும் உரக்கப் படிக்கட்டும். உடன்படாத இடம் இருந்தால் அதையும் சொல்லட்டும். நூற்றாண்டுக்கு முன் எழுதியவரோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கேள்வி கேட்டுப் படிப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

இதற்குப் புதிய திட்டமோ நிதியோ தேவையில்லை. நூல்கள் அச்சில் இருக்கின்றன. ஆராய்ச்சி நடந்திருக்கிறது. என் பேத்தியின் கேள்வியைப் போன்ற கேள்விகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கின்றன. வேண்டியதெல்லாம், பாடத்தில் இல்லாததைக் கேட்கும் பிள்ளையை உட்காரச் சொல்லாத ஓர் ஆசிரியர். அப்படி ஒருவர் ஒவ்வொரு பள்ளியிலும் இருந்துவிட்டால், செக்கிழுத்தவர் என்று மட்டும் அறிந்துவைத்திருக்கும் மனிதரை, கணக்கிலும் அறத்திலும் தமிழிலும் தங்களுக்கு ஆசிரியராக அடுத்த தலைமுறை ஏற்றுக்கொள்ளும். அவர் பிறந்தநாள் ஆசிரியர் தினமாகவும் இருப்பது அப்போது முழுப் பொருத்தமாகிவிடும்.